மூன்று கால் மயில்

ஒன்பது நாட்களாக, மாலை நான்கு மணியானால் எங்கள் வீட்டு வைஃபை திணறியது. கம்ப்யூட்டரில் நான் வரைந்து வைத்திருந்த சேலை டிசைன்களை யாரோ அந்த நேரத்தில் காப்பி செய்தார்கள். அவை வேறொருவர் தறியில் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

“பக்கத்து வீட்டு ஜெயக்குமார் வேலைதான் லாவண்யா. பாஸ்வேர்டை மாத்து,” என்றான் அண்ணன் விக்னேஷ்.

மாற்றியும் திணறியது.

திருடனைக் கண்டுபிடிக்க, யாரிடமும் சொல்லாமல் ஒரு முந்தானை மயிலுக்கு மூன்றாவது காலை வரைந்து வைத்தேன்.

அடுத்த வாரம் அந்த மயில் எங்கள் தறியிலேயே வந்தது.

“இன்னாடா விக்னேஷு! எம் பையன் டிசைனுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறேன். மயிலுக்கு மூணு காலா?” அப்பா கத்தினார்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

“அண்ணன் வரையலப்பா. அந்த மயிலை வரைஞ்சது நான்.”