வெரெயோர் என்றால் அஞ்சுகிறேன்

கரும்பலகையில் எழுதி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வெரெயோர் நே பாத்தேர் வேனியாத்.

குருமடத்தின் லத்தீன் வகுப்பு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாதர் ஞானாதிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரதர் ரெமிஜியுஸ், இந்த வினையோட 'நே' வந்தா, நடந்துடுமோன்னு பயம். 'உத்' வந்தா, நடக்காமப் போயிடுமோன்னு பயம். அப்பா வந்துடுவாரோன்னு அஞ்சுறதா எழுதியிருக்கீங்க. நாளைக்குப் பெற்றோர் நாள். வராமப் போயிடுவாரோன்னுதானே எழுத வந்தீங்க?"

"ஆமா பாதர்."

'நே'யை அழித்தான். 'உத்' எழுதினான்.

முதலில் எழுதியதில் பிழையில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

சேர்ந்த முதல் வாரம், அப்பாவுக்கு என்ன வேலை என்று வகுப்புத் தோழன் கிளமென்ட் கேட்டான். கப்பலில் இன்ஜினியர் என்று வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அப்பா வந்தார்.

மடிப்புக் கலையாத புது வேட்டி. உப்பு தின்ற, வெடித்த பாதங்கள். வலை இழுத்து இழுத்து நிமிர மறந்த விரல்களில் ஒரு கருவாட்டுப் பொட்டலம்.

கிளமென்ட் முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நீங்க ரெமிஜியுஸுக்கு என்ன வேணும்? அவங்க அப்பா வரலையா? கப்பல்ல இன்ஜினியரா இருக்காங்களே?"

அப்பா மகனைப் பார்த்தார்.

அவன் தரையைப் பார்த்தான்.

பக்கத்து மேசையில் ஒரு தாய் தன் மகனுக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவிய கப்பல்ல இருக்காவ தம்பி," என்றார் அப்பா. "லீவு கெடைக்கல. நான் ஊர்க்காரன். ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னு அனுப்பி வுட்டாவ."

நாற்காலியில் அவர் உட்காரவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் மகனிடம் நீட்டினார்.

அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஒரு சொல் போதும். மூன்றெழுத்து. நாக்கு எழவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கிளமென்ட் எவ்வளவோ சொன்னான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அப்பா கிளம்பிவிட்டார். வழியனுப்பக் கிளமென்டும் அவனும் வாசல்வரை வந்தார்கள்.

கடைசிப் படியில் அப்பா நின்று திரும்பினார்.

"உங்க அப்பாட்ட நான் என்ன சொல்லட்டும், பிரதர்?"