கூட நடந்தவள்

டீச்சரின் கைப்பேசி ஏரிக்கரை வளைவில் அடித்தது. மகன்.

எடுக்குமுன் பக்கத்தில் வந்த சிநேகிதியை ஒரு பார்வை பார்த்தார். அவள் குனிந்து, நன்றாக இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

நகரத்தின் கடைசியில் இருக்கும் அந்தப் பெரிய பூங்காவை ஒரு சுற்று சுற்ற முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு வருடமாக இருவரும் சேர்ந்தே சுற்றுகிறார்கள். முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டா நடக்க முடியும்? மூட்டுவலியில் தொடங்கி மருமகள் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தார் டீச்சர். முப்பது வருடம் வகுப்பில் பேசியவருக்கு, வீட்டில் சுவரோடு பேசப் பிடிக்கவில்லை.

போன மாதம் தலைசுற்றல் வந்ததை இவளிடம் மட்டும்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் மகன் முதியோர் இல்லத்து விண்ணப்பத்தோடு வந்து நின்றான். இனிமேல் தனியாக இருப்பது சரிப்படாது, வீட்டை விற்றுவிடலாம் என்றான். தலைசுற்றல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மழுப்பினான்.

இவளைச் சந்தேகப்படவே டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேற்று இதே வளைவில் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது போனைக் காதில் வைத்தார்.

"அம்மா, பாத்ரூம்ல விழுந்துட்டீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லவே இல்ல."

டீச்சருக்கு விழாத உடம்பு நிஜமாகவே வலித்தது. போனை அணைத்தார்.

சிநேகிதி நிமிர்ந்தாள். எப்போதும் போலவே கேட்டாள்.

"யாரு டீச்சர்?"

'டீச்சர்' என்ற அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், நடக்க வந்த முதல் நாள், மகன்தான் காரில் கொண்டுவந்து மேற்கு வாசலில் இறக்கிவிட்டான். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றான். ஊருக்குப் புதிது, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கம் போவதென்று விழித்துக்கொண்டு நின்றபோது இவளாகவே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க டீச்சர், சேர்ந்தே நடப்போம்."

அதுவரை டீச்சர் வாயே திறக்கவில்லை. பாடம் நடத்திய களை இன்னும் முகத்தில் இருக்கிறது போலும் என்று அன்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டார்.