ஷைனியின் உயரம்

பணம் கட்ட முடியாதவர்கள் தங்கள் கனவுகளைக் கொடுத்துக் குடிநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்றது மருத்துவமனை. எஸ்தர் கணவன் ஜெபராஜுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். ஒன்றரை வயதில் இறந்துபோன மகள் ஷைனி அந்தக் கனவுகளில்தான் வளர்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டார் கனவுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவற்றை ஜெபராஜுக்கே ஏற்றினார்கள். குடித்தால் மட்டும் கனவு வராது.

எஸ்தரின் தூக்கம் அதன்பின் உப்பளம்போல வெள்ளையாகக் கிடந்தது. தினமும் விடிந்ததும் காபியோடு அவன் கண் விழிக்கக் காத்திருப்பாள்.

"ஏங்க, வந்தாளா?"

"வந்தா. ரெட்டச்சடை போட்டிருந்தா."

"எவ்வளவு ஒசரம்?"

நேற்று அவன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டியிருந்தான். இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைத் தொட்டான்.

எஸ்தர் காபியைக் கீழே வைத்தாள்.

"நேத்து குடிச்சீங்களா?"