கோபுரக் கூரை

அடையாறு நாற்றுப்பண்ணையின் பசுமைக்குடிலுக்குள் ஆரோக்கியமேரி பூவாளியோடு நிற்கிறாள். காலை மணி பதினொன்று. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே சாயங்காலம்போல் மங்கல். தக்காளி நாற்றுகள் வெளுத்து, நூலாக நீண்டு, ஒன்றுவிடாமல் வாசலைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. போன மாதம்வரை இங்கே வளைந்த பாலிதீன் கூரைதான் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் வெளிச்சம் உள்ளே இறங்கும். திறப்புவிழா போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று அதைப் பிரித்தெறிந்துவிட்டு, கோடம்பாக்கத்து சினிமா செட் ஆசாரிகளை வைத்துக் கோபுரம்போல் ஐந்தடுக்குக் கூரை எழுப்பிவிட்டார் அதிகாரி ஸ்ரீரங்கன். அடுக்குக்கு அடுக்கு அகலமான தகர விளிம்பு. அத்தனை நிழலும் நாற்றின் தலையில். விழாவுக்கு மாட்டிய டியூப்லைட் மட்டும் இன்னும் தொங்குகிறது.

அதே ஸ்ரீரங்கன்தான் இப்போது குனிந்து ஒரு நாற்றைத் தொட்டுப் பார்க்கிறார். "வேளாவேளைக்குத் தண்ணி விடறதில்லையா?"

"ரெண்டு வேளையும் ஊத்திக்கினுதான் கீறேன் சார். கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. வெயில் எறங்கினாத்தானே அது வளரும்?" பூவாளியின் கைப்பிடியை அவள் விரல்கள் நெரிக்கின்றன. செடியின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டவர், பரிமாறுகிறவளைக் குற்றம் சொல்கிறார்.

"கூரை மேல பழி போடாதே. உனக்கு மெமோதான்." அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பேனாவைத் திறக்கிறார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார், தள்ளிப் பிடிக்கிறார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறார். பிறகு நிமிராமலே சொல்கிறார்.

"ஆரோக்கியமேரி, அந்த லைட்டைப் போடு."