விடமாட்டேன்

"இந்த மருந்து ஏறினா நான் போய்ச் சேர்ந்திடுவேன். என்னை விட்டுடு." முதல் கீமோவுக்கு வந்த பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்களை அவ்வளவு லேசுல விட்டுடுவேனா?" என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தொப்பி, கண்ணாடி, முகக்கவசம் என்று நர்ஸின் முகம் மொத்தமும் மூடியிருந்தது.

"உனக்குத் தெரியாதும்மா. இது பழைய மருமக விட்ட சாபம். குழந்தை இல்லைன்னு அவளைப் 'பட்ட மரம்'னு சொல்லித் துரத்தினேன். நான் செத்தாத்தான் அவளுக்கு நெஞ்சு ஆறும்."

"அப்போ செத்து, அவளை ஜெயிக்க விடப்போறீங்களா?"

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

அதன்பிறகு வாந்திக்குக் கிண்ணம் பிடித்ததும், முடி கொட்டிய தலைக்குத் துணி கட்டிவிட்டதும் அந்த நர்ஸ்தான். பெற்ற மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி மருந்து ஏறிய அன்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர், கட்டி கரைந்துவிட்டது என்றார். பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அவ மூஞ்சியில கரியைப் பூசிட்டேன். பாக்கத்தான் அவ இங்க இல்லை."

"இருக்கேன், அத்தை." நர்ஸ் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

பெரியம்மாவின் கை தானாக மொட்டைத் தலைக்குப் போனது.

"நீங்க செத்தா எனக்கென்ன லாபம்? எம்பொண்ணு இப்போதான் பள்ளிக்கூடம் போறா. அவ வளர்ந்து, கல்யாணமாகி, புள்ள பெக்கிற வரைக்கும் நீங்க உக்காந்து பாக்கணும். மாத்திரையை மறக்காமப் போடுங்க."