ஆறாம் நம்பர் அப்பா

உலகிலேயே மிகப் பெரிய தூரம் ஒரு கண்ணாடியின் தடிமன்தான் என்று வேதியியல் பேராசிரியர் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது தரை துடைப்பவர் மட்டும்தான். அவரும், “கொஞ்சம் தள்ளிக்குங்க சார்” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இடது கோடித் தொட்டிலில், நீல வெளிச்சத்தில் கண்கட்டோடு படுத்திருந்தாள் பேராசிரியரின் மகள். பிறந்து ஐந்து நாள். மஞ்சள் காமாலைக்கு இது மூன்றாம் நாள் சிகிச்சை. ஆபரேஷன் ஆன மனைவி மாடியில் இருந்தாள்.

“பச்சைக் குழந்தையோட ஈரல் இன்னும் வேலைக்குப் பழகலை. மஞ்சள் நிறமி ரத்தத்துல தங்கிடுது. வெளிச்சம் அதை மாத்தி வெளியேத்திடும்” என்று அப்போது வந்து சேர்ந்த மாமியாருக்கு வகுப்பெடுத்தார்.

“அதெல்லாம் சரி மாப்பிள்ளை, புள்ளைய எப்பத் தூக்குவீங்க?”

“பால் நேரத்துல ஒண்ணாம் நம்பர் அப்பாவைக் கூப்பிடட்டும் அத்தை.” முழங்கை வரை கழுவிய கைகளை இன்றும் ஏந்தியபடியே நின்றார்.

பால் நேரம் வந்தது. கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டு, நர்ஸ் கதவைத் திறந்தார்.

“ஆறாம் நம்பர் அப்பா!”

இன்றும் யாரும் அசையவில்லை.

“சே, இப்படியும் ஒரு தகப்பனா!” என்றார் பேராசிரியர்.

நர்ஸ் அவரைப் பார்த்தார். “உங்க குழந்தை எது சார்?”

“இடது பக்கம் முதல் தொட்டில். ஒண்ணு.”

“நாங்க கதவுலேர்ந்து எண்ணுவோம் சார். ஒண்ணோட அம்மா உள்ளயே இருக்காங்க. உங்களுது ஆறு. மூணு நாளா நான்தான் மடியில வெச்சுப் புகட்டுறேன்.”

பேராசிரியர் நீட்டிய கைகளோடு உள்ளே ஓடினார்.

ஆறாம் நம்பர் அப்பாவைக் கண்டித்து அவர் எழுதிய இரண்டு பக்கப் புகார் அன்று காலையே தலைமை மருத்துவரின் மேஜைக்குப் போயிருந்தது.