சாண் போட்டு வாங்கிய அடுப்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். புது மின்சார அடுப்பு இரண்டு சமையல் மேடைகளுக்கு நடுவே பாதி நுழைந்து சிக்கி நிற்கிறது. "உங்க கையால அளந்து நாலு சாண்னு சொன்னீங்க, கடைக்காரர் அவர் கையால அளந்து குடுத்துட்டார்! உங்க அக்கா குடும்பமே கூடத்துல பசியோட உக்காந்திருக்கு!" என்று தண்ணீர்ப் பானையை இடுப்பில் இடுக்கியபடி என் மகள் தன் புருஷனைப் பார்த்துக் கத்துகிறாள். "முதல்ல எரியுதான்னு பாப்போம்" என்று மருமகன் அடுப்பின் தடித்த ஒயரை மிக்சி போடுகிற பிளக்கில் செருகி சுவிட்சைத் தட்டுகிறார். தெரு முழுக்க விளக்கு அணைகிறது. சூரியனும் ஒருமுறை கண் சிமிட்டுகிறது. "இதுக்குத் தனி லைன் இழுக்கணும்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!" அவள் வயிறு எரிகிற எரிச்சலில் இடுப்புப் பானைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. நான் அரிசியைக் களைந்து போடுகிறேன். இந்த வீட்டுக்கு இன்னும் மின் இணைப்பே கொடுக்கவில்லை.